கடைச் சாவியைக் கொடுத்துப் பழகுவோம்
(ஓய்வெடுக்கக் கற்கும் பாடம்)

 

நமது கடை கிள்ளானில், தெங்கு கிளானா சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு மர நாற்காலி கிடக்கும். நமக்குக் கூட்டாளியாகவும், லாத்தாவின் மாப்பிள்ளையாகவும் இருந்த மச்சானுடைய நாற்காலி அது. 22 வருஷம் காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை அதில்தான் உட்கார்ந்தார். பெருநாள் இரண்டையும் தவிர அவர் கடைக்கு வராத நாளை நாம் அறியோம்.

கெத்தாம் தீவைப் பார்க்க வேண்டும் என்று லாத்தாவுக்கு ஓர் ஆசை. மச்சானிடம் கேட்பார். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார் அவர். பொய்யாகச் சொன்னதில்லை, மனதாரத்தான் சொன்னார். நோன்பு வரும், அதற்குச் சரக்கு வரும், பெருநாள் வியாபாரம் வரும், தீபாவளிக் கூட்டம் வரும், பள்ளிக்கூடம் திறக்கும். அந்த அடுத்த மாசம் மட்டும் வரவில்லை. 49ஆம் வயதில், ஒரு நாள் மத்தியானம், துணி அளந்து கொண்டிருந்தபோதே கை மரத்து விழுந்தார். மூன்றாம் நாள் மௌத்தானார்.

இத்தா முடிந்த பிறகு லாத்தா நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தத் தீவு இங்கேயிருந்து எவ்வளவு தூரம் தம்பி?"

ரயிலில் கொஞ்ச நேரம், படகில் ஒரு மணிக்கும் குறைவு என்று சொன்னோம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நமக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. ஓய்வெடுத்திருந்தால் மச்சான் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல நாம் யார்? ஆனால் உயிரோடு இருந்த 22 வருஷத்தில் ஒரு பகல் பொழுதை மனைவிக்குக் கொடுத்திருக்க முடியும் அல்லவா? அதற்குத் தடையாக இருந்தது பணமா, நேரமா, வேறு ஏதாவதா? இதை நாம் பல நாள் யோசித்தோம். யோசித்ததையும், பின்னர் நாமே தடுக்கி விழுந்து கற்றதையும் பாடமாக இங்கே எழுதுகிறோம். நாம் படித்தது மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும்தான். பிழையிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

முன்னோர் கண்ட முறை

நம் பாட்டனார் காலத்தில் கடல் கடந்து பிழைக்கப் போகிறவரைச் சபராளி என்பார்கள். அவர்கள் ஓயாமல் உழைத்தவர்கள் என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். உழைத்தது உண்மை. ஆனால் அவர்கள் வைத்திருந்த ஒரு முறையை மறந்துவிட்டோம். இரண்டு கூட்டாளிகள் இருந்தால் ஒருவர் இரண்டு மூன்று வருஷம் கடையைப் பார்ப்பார். மற்றவர் சில மாதம் ஊரில் இருப்பார். இவர் வந்ததும் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டு அவர் கப்பலேறுவார். கணக்கு நோட்டும் சாவியும் கைமாறும். ஊரில் இருப்பவருக்குக் கடைச் செய்தி தெரிய வேண்டுமானால் கடுதாசி வந்தால்தான் உண்டு.

1926ஆம் வருஷம் முதல் 1970களின் தொடக்கம் வரை 'ரஜுலா' என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிக் கொண்டிருந்தது. (போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் வந்தது 1972இல்.) மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வருகிற பயணம். வெயிலும் மழையும் வாந்தியும் சுகமானவை அல்ல. ஆயினும் அந்த நாட்களில் கல்லா இல்லை, கடன்காரன் இல்லை. தொழுவார்கள், உண்பார்கள், தூங்குவார்கள், கடலைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே மனசு இளைப்பாற ஒரு திண்ணை இருந்தது.

இப்பொழுது விமானத்தில் ஏறினால் நாலு மணி நேரத்தில் திருச்சியில் இறங்குகிறோம். இறங்கியதும் கைபேசி அலறுகிறது. ஊரிலோ ஒரு கல்யாணம், ஒரு நிலத் தகராறு, கைமாற்றுக் கேட்டு வருகிற பத்துப் பேர். பத்து நாள் கழித்துப் போன களைப்பை விட இரட்டிப்புக் களைப்போடு திரும்புகிறோம். கேட்டால், "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுத்து வந்தேன்" என்கிறோம். ஊருக்குப் போவது கடமை; உறவைச் சேர்ந்து நடப்பது நன்மை. அதை விட வேண்டாம். ஆனால் அதை ஓய்வுக் கணக்கில் எழுத வேண்டாம்.

உடம்பின் கணக்கு

நாம் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். நமது வாரத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 9 முதல் இரவு 10 வரை 13 மணி நேரம். ஏழு நாளும் கடை. ஆக வாரத்துக்கு 91 மணி.

உலகச் சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021ஆம் வருஷம் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணியும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் நூற்றுக்கு 35 பங்கு அதிகம்; இருதய இரத்தக் குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 பங்கு அதிகம். இப்படி நீண்ட நேர வேலையால் 2016ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்ததாக அவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். நாம் 55ஐத் தாண்டி எங்கே நிற்கிறோம் பாருங்கள்! ஒரு நாள் முழுக்க விடுமுறை விட்டாலும் 78 மணி வருகிறது. ஆகவே எப்போதாவது ஒரு பயணம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். தினசரி ஓய்வு, வார ஓய்வு, வருஷ ஓய்வு மூன்றும் வேண்டும்.

நமது மதரஸா உஸ்தாது லுஹருக்கு முன் சற்று நேரம் படுத்து எழுவார். கைலூலா என்பது அதன் பெயர். அது நபிவழி என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார். பாடத்தை மனனம் செய்தோம், பழக்கத்தை விட்டுவிட்டோம். கடைக்குப் பின்னால் பாய் விரிக்க இடமா இல்லை?

ஸல்மான் (ரலி) அவர்கள் செய்த திருத்தம்

ஸல்மானுல் பார்ஸி (ரலி), அபூதர்தா (ரலி) ஆகிய இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஸல்மான் ஒரு நாள் அபூதர்தாவின் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி வாடிய கோலத்தில் இருந்தார். காரணம் கேட்டால், உங்கள் சகோதரருக்கு இவ்வுலகத்தில் நாட்டமில்லை என்றார். அபூதர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் அவரை வற்புறுத்தி உண்ண வைத்தார்; இரவில் எழப் போனவரைத் தூங்கச் சொன்னார்; பின்னிரவில் இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உன் உடம்புக்கும், உன் குடும்பத்துக்கும் உன்மேல் உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடு என்று ஸல்மான் அறிவுரை சொன்னார். இது நபிகளாரிடம் போனபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள். புகாரியில் உள்ள செய்தி இது.

அபூதர்தா குடும்பத்தை மறந்தது இபாதத்துக்காக. அதற்கே திருத்தம் வந்தது. நாமோ மறப்பது சில்லறை எண்ணுவதற்காக. நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னால் வியாபாரத்தை விட வேண்டும். தொழுகை முடிந்ததும் கலைந்து போய் இறையருளைத் தேடலாம் என்பது குர்ஆனின் கட்டளை. முழு நாள் கடையடைப்பு நமக்கு விதிக்கப்படவில்லை. அது நமக்கு ஒரு சௌகரியம். அந்தச் சௌகரியத்தையே நாம் பிடித்துக் கொண்டு, வாரம் முழுவதும் ஓய்வே வேண்டாம் என்று அர்த்தம் செய்து கொண்டோம். விதிக்கப்படவில்லை என்றால் தடுக்கப்பட்டது என்று பொருளல்ல.

விடுமுறை எப்படி வந்தது?

விடுமுறையைச் சோம்பேறிகள் கண்டுபிடித்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் 1871ஆம் வருஷம் பாங்கு விடுமுறைச் சட்டத்தைக் கொண்டு வந்தவர் சர் ஜான் லப்பக். அவரே ஒரு பாங்கு முதலாளி! கடைகளில் வேலை செய்யும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற 1886ஆம் வருஷச் சட்டத்துக்காகப் பாடுபட்டவரும் அவர்தான். 74 மணியே கொடுமை என்று அன்று பேசினார்கள். நமது 91ஐ அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 1911இல் அங்கே கடைச் சிப்பந்திகளுக்கு வாரத்தில் அரை நாள் விடுமுறை சட்டமாயிற்று. 1936இல் உலகத் தொழிலாளர் நிறுவனம் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு ஓர் உடன்படிக்கை செய்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம் வாரத்தில் ஒரு நாள் கடையை முழுதும் மூட வேண்டும் என்று விதித்தது.

நமது நாட்டில் 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள் சம்பளத்தோடு விடுமுறை. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது.

இங்கே நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருஷம் நமது கடைப் பையன்களுக்கு முழு ஓய்வு நாள் நாம் கொடுக்கவில்லை. "நானே எடுக்கவில்லையே, இவனுக்கு என்ன?" என்று கேட்டோம். அது நியாயமே அல்ல. நாம் எடுக்காதது நமது விருப்பம்; அவனுக்குக் கொடுக்காதது அவனுடைய உரிமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி மனசாட்சியைத் தூங்க வைத்தோம். ஓய்வெடுக்கத் தெரியாத முதலாளியின் கீழ் இருப்பவனுக்கும் ஓய்வு கிடைப்பதில்லை என்பதை அப்போதுதான் கண்டோம்.

2024 ஜனவரியில், 24 மணி நேர உணவகங்கள் வேண்டாம் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பேசியபோது நம்மவர்கள் பலர் கோபப்பட்டார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர்களுடைய கஷ்டம் நமக்குத் தெரியும். இரவு முழுக்க வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கும் எங்காவது டீ வேண்டும். கடை 24 மணி நேரம் திறந்திருக்கலாமா என்பது ஒரு கேள்வி. மனிதன் 24 மணி நேரம் திறந்திருக்கலாமா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு இரண்டு விடை கிடையாது.

நாம் செய்த முதற் பயணமும் அதன் தோல்வியும்

மச்சானுக்குப் பிறகு நமக்கு ஒரு வேகம் வந்தது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்கு மூன்று நாள் புறப்பட்டோம். பதினொரு வருஷத்தில் அதுவே முதல் பயணம்.

முதல் நாள் மலையேறும்போதே கடையிலிருந்து மூன்று அழைப்பு. அவர்கள் அழைக்காதபோது நாம் அழைத்தோம். தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள்; நாம் ஓரமாக நின்று, "அந்தப் பச்சைக் கட்டு எவ்வளவுக்குப் போச்சு?" என்று கேட்டுக் கொண்டிருக்கிறோம். விடுமுறைக் கூட்டத்தில் பாதை அடைத்துக் கொண்டது. வண்டிக்குள்ளேயே பாதி நாள் போயிற்று. வாடகை வீட்டில் அடுப்பு இருந்ததால் மூன்று வேளையும் மனைவி சமைத்தார். செலவு மிச்சம் என்று நாம் சந்தோஷப்பட்டோம்! மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே, சரக்கு வருகிறது என்று சொல்லி எல்லாரையும் எழுப்பி இறக்கிக் கொண்டு வந்தோம்.

வழியில் இளைய மகள் உம்மாவிடம் மெல்லக் கேட்டது நம் காதில் விழுந்தது: "அடுத்த தடவை வாப்பா இல்லாம போவோமா உம்மா?"

கடைக்கு வந்தால் கடைத் தம்பி சிரித்துக் கொண்டே சொன்னான்: "முதலாளி, நீங்க போன் பண்ணாம இருந்திருந்தா இன்னும் நாலு பேருக்கு வித்திருப்பேன்."

அன்றிரவுதான் விஷயம் புரிந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வாரக்கணக்கில் கடையை மூடி வீட்டில் உட்கார்ந்திருந்தோமே, அது ஓய்வாக இருந்ததா? இல்லை. வாடகையும் சம்பளமும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தன. கடை மூடியிருப்பது ஓய்வல்ல. மலையில் ஏறி நிற்பதும் ஓய்வல்ல. பாரத்தை இன்னொரு கையில் நம்பிக் கொடுப்பதுதான் ஓய்வு. நமக்கு நேரம் இல்லாமல் இல்லை; நம்பிக்கைதான் இல்லை. சாவியை அமானத்தாகக் கொடுக்கத் தெரிந்திருந்த நம் பாட்டனாருக்கு ஓய்வு கிடைத்தது. நமக்குக் கிடைக்காததன் காரணம் அதுதான்.

கற்கும் முறை

ஆகையால் பெரிய பயணத்தில் தொடங்க வேண்டாம். பிள்ளைக்கு அலிப் பே சொல்லிக் கொடுத்த பிறகுதானே குர்ஆன் ஓதக் கொடுக்கிறோம்? அப்படியே படிப்படியாகப் போவோம்.

முதற்படி, அரை நாள். வியாபாரம் மந்தமான ஒரு கிழமையைத் தேர்ந்து, அஸருக்குப் பிறகு கடைக்குத் திரும்பாமல் இருந்து பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்களுக்கு ஏரிப் பூங்கா கூப்பிடு தூரம். 1888இல் ஆல்பிரட் வென்னிங் என்ற அதிகாரியின் முயற்சியில் உண்டான பூங்கா அது. 2011 முதல் பெர்டானா தாவரவியல் பூங்கா என்று பெயர். மரத்தடியில் உட்கார வெகு தூரம் போக வேண்டியதில்லை.

இரண்டாம் படி, ஒரு முழு நாள். நமது பள்ளத்தாக்கைச் சுற்றியே போதுமான இடங்கள் உண்டு.

கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு இருக்கிறது. 1920களில் அது ஈயம் தோண்டிப் பாழாய்ப் போன நிலம். அதில் மரம் நட்டு, காத்திருந்து, காடாக்கினார்கள். 2025 ஜூலையில் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. தோண்டித் தோண்டி வெறுமையான நிலமும் விட்டு வைத்துப் பராமரித்தால் பசுமையாகும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

கோலசிலாங்கூரில் மெலாவத்தி குன்று இருக்கிறது. பழைய கோட்டையின் பீரங்கிகளும், 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அங்கே உண்டு. அங்குள்ள குரங்குகள் சாம்பல் நிறம். அவற்றின் குட்டிகளோ பொன்னிறம். பிள்ளைகள் பார்த்தால் விடமாட்டார்கள். மஃரிபுக்குப் பிறகு கம்போங் குவாந்தானில் படகேறினால், ஆற்றோரத்து பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதைக் காணலாம். நிலா வெளிச்சம் குறைந்த நாளாகப் பார்த்துப் போங்கள். விளக்கடித்து அவற்றைக் கலைக்க வேண்டாம்.

கடற்காற்று வேண்டுமென்றால் கிள்ளானிலிருந்து பந்திங்கைத் தாண்டி மோரிப் கரை இருக்கிறது. கெத்தாம் தீவுக்குக் கொமுட்டர் ரயிலில் போர்ட் கிள்ளான் வரை போய், பக்கத்துத் துறையில் படகு பிடிக்கலாம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் 1886இலேயே ரயில் வந்துவிட்டது. 1995 முதல் கொமுட்டர் ஓடுகிறது. கெத்தாமில் கார் கிடையாது. சேற்றின் மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள், நடைபாதையில் சைக்கிள்தான். சீன மீனவர் ஊராதலால் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக் கொண்டு போவது நலம். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கியவுடன் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

அருவிக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே வெயிலடித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். இதைத்தான் மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். பல உயிரைக் கொண்டு போன வெள்ளம் அது.

மூன்றாம் படி, இரண்டு இரவு. போர்ட்டிக்சன் கடற்கரையோ பிரேசர் மலையோ போதும். இரண்டும் கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கஸ்ரு, ஜம்உ தொழுகை பற்றிப் புறப்படுமுன் உங்கள் இமாமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நம்மில் ஷாபிஈக்களும் ஹனபிகளும் இருக்கிறோம், சட்டம் வேறுபடும். கூடுமானால் பள்ளி விடுமுறையின் நடுக்கூட்டத்தைத் தவிர்த்து, தொடக்கத்திலோ முடிவிலோ போங்கள். மலையில் வண்டி வரிசையில் நிற்பதற்கு நம் தெருவே போதும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஒருவரிடம்தான் கொடுக்க வேண்டும். மூன்று பேரிடம் கொடுத்தால் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. விலைப் பட்டியலை எழுதி வையுங்கள். எந்த அளவு வரை விலை குறைத்துக் கொடுக்கலாம், யாருக்குக் கடன் தரலாம், யாருக்குக் கூடாது என்பதைச் சொல்லிவிடுங்கள். சரக்கு வரும் நாளைத் தள்ளி வையுங்கள். தவறு நேர்ந்தால் திட்டமாட்டேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்படியே திட்டாமலும் இருங்கள்.

கைபேசி முழுதாக வேண்டாம் என்பது நடக்காத பேச்சு. நாம் இப்படி வைத்துக் கொண்டோம்: இஷாவுக்குப் பிறகு ஒரே ஓர் அழைப்பு, பத்து நிமிஷம். மற்ற நேரம் தீப்பிடித்தால், திருடன் வந்தால், யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் மட்டும் கூப்பிட வேண்டும். முதல் தடவை கை நமநமவென்றது. மூன்றாம் தடவை இஷாவுக்குப் பிறகும் மறந்துவிட்டோம்!

இன்னொரு விஷயம்: யாருடைய ஓய்வு? நாம் கடலைப் பார்த்துக் கொண்டிருக்க, மனைவி அடுப்படியில் நின்றால் அது நமக்கு மட்டும் விடுமுறை, அவருக்கு இடமாற்றம். ஒரு வேளையாவது வாங்கிச் சாப்பிடுங்கள், அல்லது நீங்கள் சமையுங்கள். எங்கே போவது என்பதையும் ஒரு தடவை அவரே சொல்லட்டும்.

சில ஆட்சேபங்கள்

"செலவு ஆகுமே" என்பார்கள். மேலே சொன்ன இடங்களில் பலவற்றுக்கு வண்டிச் செலவும் கட்டுச்சோறும் போதும். மாதம் ஒரு நாள் கடையையே மூடினாலும் வருஷத்துக்கு 12 நாள்; 365இல் நூற்றுக்கு மூன்றே கால் பங்கு. சாவியைக் கொடுத்துப் போனால் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் எத்தனை நாள் கடை போகும் என்று நமக்குத் தெரியும்.

"வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்" என்பார்கள். ஒரு நாள் இல்லாததற்காகப் போகிறவர், ஒரு வெள்ளி குறைந்தாலும் போகிறவர்தான். இருபது வருஷமாக வருகிறவர் மறுநாள் வந்து, "எங்கே போனீங்க?" என்று கேட்பார். நமக்கு அப்படித்தான் நடந்தது.

"உல்லாசப் பயணம் வீண் வழிக்கு இழுக்கும்" என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள். சூதாட்டமும் குடியும் உள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்று யார் சொன்னது? குடும்பத்தோடு போய், வக்து தவறாமல் தொழுது, அல்லாஹ் படைத்த மலையையும் கடலையும் பார்த்து வருவதில் என்ன வீண்?

கடைசியாக ஒரு வார்த்தை

சென்ற வருஷம், ஒரு புதன்கிழமை, சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு லாத்தாவைக் கெத்தாம் தீவுக்கு அழைத்துப் போனோம். மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். லாத்தா பலகைப் பாதையில் மெதுவாக நடந்தார். வீடுகளுக்கு அடியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தார். துறையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக் கொண்டு மச்சானுக்காக பாத்திஹா ஓதினார். பிறகு, "இவ்வளவுதானா தூரம்!" என்றார்.

சகோதரர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு கெத்தாம் தீவு இருக்கும். அது எங்கே என்று இன்றிரவு வீட்டாரிடம் கேளுங்கள்.

பயிற்சி

1. நீங்களாக விரும்பிக் கடைக்குப் போகாத கடைசி நாள் எது?
2. உங்கள் வாரம் எத்தனை மணி நேரம்? எழுதிக் கூட்டிப் பாருங்கள்.
3. நாளைக்கே சாவியைக் கொடுப்பதானால் யாரிடம் கொடுப்பீர்கள்? ஒருவரும் இல்லையென்றால், அவரை உருவாக்க இதுவரை என்ன செய்தீர்கள்?
4. உங்கள் கடையில் வேலை செய்கிறவருக்குச் சென்ற வாரம் முழு ஓய்வு நாள் கிடைத்ததா?
5. இந்த மாதத்தில் ஒரு அரை நாளைக் குறித்து, அதை வீட்டாரிடம் இன்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டால் தள்ளிப் போட வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் நல்லது.

அல்லாஹ் நம் உழைப்பிலும் ஓய்விலும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.